தூரிகைக்காரரின் காகிதங்கள்

சென்ற இதழில் குச்சவெளிக் கடலோரப் பாறையிலே வடமொழியில் வெட்டப்பட்டிருக்கும் பழைய சாசனத்தைக் குறித்து விரிவாகப் பேசினோம். கல்லிலே எழுதப்பட்டது கடற்காற்றுக்கும் உப்புக்கும் ஈடுகொடுத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கையில், காகிதத்திலே எழுதப்பட்டது ஒரு தலைமுறை கழியுமுன்னரே கறையானுக்கும் மழைக்கும் இரையாகிப்போவது இக்கரையின் தலைவிதியாக இருந்துவந்திருக்கிறது. ஆயினும் திருகோணமலையையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் பற்றிய காகிதங்கள் முற்றாக ஒழிந்துபோயின என்று எண்ணிவிடலாகாது. அவற்றுட் பல நமது கரையில் இல்லாமல், பெல்பாஸ்ட் நகரிலும் எடின்பரோவிலும் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திலும் அமெரிக்காவின் ஹாவார்ட் சர்வகலாசாலையிலும் பேழைகளுக்குள்ளே பத்திரமாக இருக்கின்றன. விக்டோரியா மகாராணியார் அரசாண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் வந்துபோன சித்திரகாரர்கள் எழுதிய கடிதங்களும் தினக்குறிப்புகளும் அத்தகையன. இவ்வாரம் அவற்றை எடுத்துக்கொள்வோம்.

அக்காலத்துச் சித்திரகாரருக்குக் கடிதம் எழுதுதல் தொழிலின் ஓர் அங்கமாகவே விளங்கிற்று. படத்தை வாங்கும் பிரபுவுக்கு அதன் முன்னேற்றத்தை அறிவிக்கவேண்டும். பணம் தாமதித்தால் மரியாதை குன்றாமல் நினைவூட்டவேண்டும். தூரதேசத்திலிருந்து தமக்கையாருக்கும் நண்பருக்கும் தாம் உயிரோடிருப்பதைச் சொல்லவேண்டும். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால்முறை நடைமுறைக்கு வந்தபின் கடிதம் எழுதும் பழக்கம் பல்கிப் பெருகியது. எகிப்தின் தரைவழியாலே முன்னரே சுருங்கத் தொடங்கியிருந்த கீழைத்தேசப் பிரயாணம், 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் மேலும் சுருங்கிற்று. இதன் பயனாக, தூரிகை பிடித்த ஒருவர் தம் ஆயுளில் எழுதிக்குவித்த காகிதம், அவர் தீட்டிய துணியைவிடப் பன்மடங்காகப் பெருகி நின்றது.

அக்காகிதங்கள் முதலில் உலகுக்கு வெளிவந்த விதத்தை நாம் கருத்திற்கொள்ளல் அவசியம். சித்திரகாரர் இறந்தபின் அவர் மகனோ மனைவியோ சகோதரனோ கடிதக் கட்டுகளை அவிழ்த்து, உலகம் படிக்கத் தக்கவை எவை, தகாதவை எவை என்று தாமே தீர்மானித்து, ‘சரித்திரமும் கடிதங்களும்’ என்ற பாங்கில் தடித்த நூல்களை வெளியிட்டனர். மிலேயின் கடிதங்களை அவர் மகன் 1899இலும், வாட்ஸின் வாழ்க்கைக் குறிப்புகளை அவர் மனைவி 1912இலும் பிரசுரித்தனர். ரொசெட்டியின் குடும்பக் கடிதங்களை 1895இல் வெளியிட்டவர் அவருடைய தம்பியார். இவர்களது பக்தியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பக்தியுள்ள கையே கத்தரிக்கோலையும் எடுக்கும். இதற்கு மிகப் பிரசித்தமான உதாரணம் சித்திரகாரர் குடும்பம் அன்று, எழுத்தாளர் குடும்பம்: நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடிதங்களுட் பெரும்பகுதியை அவர் தமக்கையார் கசாண்ட்ராவே எரித்துவிட்டார். அவ்விருவரின் தம்பியாராகிய கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் இறந்து நமது திருகோணமலை மயானத்திலேதான் அடக்கம் செய்யப்பட்டார் என்பதை வாசகருட் பலர் அறிந்திருப்பர். அச்சிட்ட நூலோடு நின்றுவிடாமல் மூலக் காகிதத்தைத் தேடவேண்டும் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் வற்புறுத்துவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

நமது கரையோடு தொடர்புடையோருள் முதலில் நிற்பவர் அன்ட்ரூ நிக்கொல். 1804இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்து, அச்சகத்திலே தொழில் பழகி, அயர்லாந்தின் கடற்கரைகளையும் காட்டுப்பூக்களையும் நீர்வர்ணத்தில் தீட்டிப் பெயர்பெற்ற இவருக்கு, இளமையிலிருந்தே ஆதரவளித்தவர் அதே நகரத்தவராகிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட். டெனென்ட் இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாகக் கொழும்பு வந்து சேர்ந்ததைத் தொடர்ந்து, 1846இல் நிக்கொலும் கொழும்பு அக்கடமியில் சித்திர ஆசிரியராக நியமனம் பெற்றார். 1848ஆம் ஆண்டில், மாத்தளைக் கலகம் எழுந்து உள்நாடெங்கும் பதற்றம் நிலவிய அதே காலத்தில், இவர் காடுகளினூடே புராதன நகரங்களையும் குளங்களையும் வரைந்துகொண்டு ஐந்து வாரம் சஞ்சரித்தார். அந்தப் பிரயாணத்தின் விருத்தாந்தத்தை 1852இல் டப்ளின் சர்வகலாசாலைச் சஞ்சிகையில் தாமே எழுதி வெளியிட்டார். அவருடைய சித்திரங்களிலிருந்து செதுக்கிய அச்சுப்படங்கள் டெனென்ட் 1859இல் பிரசுரித்த இலங்கை பற்றிய இரு பாகப் பெருநூலை அலங்கரித்தன. அந்நூலை ஆங்கில வாசகர் ஆவலோடு வாங்கினர். பதிப்புக்கு மேல் பதிப்பாக அது விலைபோயிற்று.

டெனென்ட் குடும்பத்துக் காகிதங்கள் இன்று பெல்பாஸ்டிலுள்ள வட அயர்லாந்தின் பொதுச் சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. நிக்கொலின் சித்திரங்களுட் பல அதே நகரத்து அல்ஸ்டர் நூதனசாலையில் இருக்கின்றன. ஆதரவாளரின் காகிதமும் ஆதரவு பெற்றவரின் சித்திரமும் ஒரே நகரில் சேர்ந்தமை நமக்கு ஒரு பாக்கியம். ஏனெனில் இவ்விருவரையும் பிரித்துப் படிக்க முடியாது. ஒருவர் வரி, உப்பு, பாதை என்று அதிகாரியின் கண்ணோடு பார்த்துச் செல்ல, மற்றவர் அதே பாதையில் மருதமரத்தின் நிழலையும் இடிந்த தூணையும் பார்த்துச் செல்கிறார். அதிகாரி எழுதியதற்குச் சித்திரகாரர் சாட்சி, சித்திரகாரர் தீட்டியதற்கு அதிகாரி சாட்சி.

டெனென்டின் நூலில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது திருகோணமலையிலுள்ள சுவாமிமலை உச்சியில் நடைபெற்ற வழிபாட்டின் வர்ணனை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர் என்பதும், 1950இல் நிலத்தினடியிலிருந்து விக்கிரகங்கள் வெளிப்பட்டு, 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது என்பதும் யாவரும் அறிந்த செய்திகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் அம்மலையில் நடந்தது என்ன? ஞானசம்பந்தர் பாடிய தலத்தில், கோபுரமும் மண்டபமும் இன்றி, அந்நிய இராணுவத்தின் காவலுக்குட்பட்ட பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே நுழைந்து, நம் முன்னோர் வெறும் பாறையின் விளிம்பில் நின்று வழிபட்டனர். சூரியன் சாயும் வேளையில் பூசகர் செங்குத்தான பாறையின் ஓரத்துக்கு இறங்கிச் சென்று, பூவும் பழமும் தேங்காயும் வெற்றிலையும் கீழே கொந்தளிக்கும் கடலிலே இட்டு, தீபத்தை உயர்த்திக் காட்டும் காட்சியை டெனென்ட் வியப்போடும் மரியாதையோடும் விவரிக்கிறார். இடிந்த ஆலயத்தைப் பற்றிப் பாடிய நம்மவர் பலர். ஆலயமே இல்லாத காலத்து வழிபாட்டை இப்படிக் கண்முன் நிறுத்திக்காட்டும் எழுத்து மிக அரிது. இது அந்நியர் கையெழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நாம் வெட்கமின்றி ஒப்புக்கொண்டு அதனைப் போற்றவேண்டும்.

ஆனால் அதே டெனென்ட் அதே மலையைப் பற்றிச் சொல்லும் இன்னொரு கதை நம்மை எச்சரிக்கவும் செய்கிறது. மலையுச்சியில் 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்தச் சாசனம் பொறித்த தூண் ஒன்று உண்டு. பிரான்சீனா வான் ரீட் என்னும் ஒல்லாந்த நங்கை, தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு, அவ்விடத்திலிருந்து கடலில் பாய்ந்து மாண்டாள் என்ற கதையை அவர் கேட்டவாறே எழுதிவைத்தார். பயணிகள் ஒருவர்பின் ஒருவராக அக்கதையைச் சொல்லி வந்தனர். பிற்காலத்தில் ஒல்லாந்தர் காலத்து ஏடுகளைப் புரட்டியபோதோ, அப்பெண் மாளவில்லை, அதன் பின்னும் உயிரோடிருந்து மறுமணம் செய்துகொண்டாள் என்ற உண்மை வெளியாயிற்று. தம் கண்ணால் கண்ட வழிபாட்டைச் சொல்லும்போது டெனென்டை நம்பலாம்; காதால் கேட்ட கதையைச் சொல்லும்போது அவரையும் வேறு ஏட்டோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும்.

இந்த விவேகம் அடுத்து வருபவரின் விஷயத்தில் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. கொன்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் என்ற ஸ்கொட்லாந்துச் சீமாட்டி 1837இல் பிறந்தவர், விவாகம் செய்துகொள்ளாதவர், வர்ணப் பெட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு பீஜித் தீவு, ஹவாயின் எரிமலை, கலிபோர்னியாவின் பெரும் பள்ளத்தாக்கு என்று உலகை வலம்வந்தவர். நாளொன்றுக்கு ஒரு வர்ணச் சித்திரமேனும் தீட்டாமல் இருப்பதில்லை என்று விரதம் பூண்டவர். கொழும்பின் அங்கிலிக்கன் அத்தியட்சர் ஜேர்மினின் அழைப்பை ஏற்று, 1872 முதல் 1874 வரை இலங்கையில் தங்கி, திருகோணமலைக்கும் வந்து, சுவாமிமலையின் மாலைப் பூசையையும் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளையும் பற்றி எழுதிவைத்தார். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததோ 1892இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இலங்கையே மாறிப்போயிற்று. இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அம்மையார் பழைய குறிப்புகளோடு புதிய செய்திகளையும் கலந்தே நூலை முடித்தார். அதனால் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் தாமே கண்டது எது, டெனென்ட் முதலியோரின் நூல்களில் படித்தது எது, பின்னாளில் பத்திரிகையில் பார்த்துச் சேர்த்தது எது என்று வாசகரே பிரித்தறியவேண்டியிருக்கிறது. அவருடைய பிரசுரகர்த்தராகிய பிளாக்வூட் நிறுவனத்தின் கடிதச் சேகரம் ஸ்கொட்லாந்துத் தேசிய நூல்நிலையத்தில் இருக்கிறது. நூலாசிரியரும் பிரசுரகர்த்தரும் பரிமாறிய கடிதங்களை நூலோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் தமிழ் மாணவர் ஒருவர் தோன்றுவாராயின், கிழக்கு மாகாணச் சரித்திரத்துக்கு அவர் செய்யும் உபகாரம் பெரிதாயிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அக்காலத்துச் சித்திரகாரரின் கண் எதைக் கண்டு நின்றது? செங்குத்துப் பாறை, இடிந்த கோயில், விழுதிறங்கிய பெருமரம், மலைமேல் மேகம்: இவற்றைக் கண்டால் அவர்கள் குடையை விரித்து உட்கார்ந்துவிடுவர். திருகோணமலைத் துறைமுகம் அவர்களுக்கு ஏற்ற இடம். உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி என்று வடக்கே வர வர, நிலம் தாழ்ந்து, மணலும் உப்பளமும் களப்பும் பனைக்கூட்டமுமாக விரிகின்றது. குச்சவெளி வரையுள்ள இருபது மைல் தூரத்தில் சித்திரகாரரைக் குதிரையிலிருந்து இறக்கத்தக்க உயரம் ஒன்றும் இல்லை. கரைவலை இழுக்கும் மனிதரும், உப்பு வாரும் பெண்களும், களப்பில் இறால் பிடிக்கும் சிறுவரும் அவர்களது அழகிலக்கணத்தில் இடம்பெறவில்லை. இத்தகைய தாழ்நிலங்களுக்குச் சித்திரத்தில் கிடைக்காத இடம், சித்திரகாரரின் தினக்குறிப்பில் சில வேளை கிடைக்கிறது: தங்கிய இடம், மாட்டுவண்டிக்குக் கொடுத்த கூலி, குடித்த தண்ணீரின் சுவை, கொசுக்கடி, காய்ச்சல். படத்தை விற்பதற்காகத் தீட்டினார்கள், குறிப்பைத் தமக்காக எழுதிக்கொண்டார்கள். ஆதலால் நமது கரையைப் போன்ற இடங்களின் சரித்திரத்தைத் தேடுவோர் படத்தைவிடக் காகிதத்தையே நாடவேண்டும் என்பது நமது உறுதியான கொள்கை.

இக்கொள்கைக்கு எட்வேர்ட் லியரைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1812இல் பெருங்குடும்பமொன்றின் கடைக்குட்டிகளுள் ஒருவராகப் பிறந்து, தந்தையின் பொருள்நஷ்டத்தால் மூத்த தமக்கையாராகிய ஆனின் கையில் வளர்ந்து, பறவைச் சித்திரகாரராகத் தொடங்கி, 1846இல் விக்டோரியா மகாராணியாருக்கே சித்திரம் கற்பித்த இவரை உலகம் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாட்டுக்காரராகவே அறிந்திருக்கிறது. இந்தியாவின் இராஜப்பிரதிநிதியாயிருந்த நோர்த்புரூக் பிரபுவின் அழைப்பின்பேரில் 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 61. வடக்கே கஞ்சன்ஜங்காச் சிகரம் தெரியும் இடம்வரை சென்று திரும்பி, 1874இன் பிற்பகுதியில் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், குன்னூர் என்று தமிழகத்தைச் சுற்றி வந்து, அவ்வாண்டு நவம்பரில் இலங்கைக்கும் வந்தார்.

லியரின் சித்திரத்தாள்களைப் பார்த்தவர்கள் அவற்றில் எழுத்தும் கலந்திருப்பதை அறிவர். வெளியில் பென்சிலால் கோடிழுத்து, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம் என்று ஓரத்திலே குறித்து, இன்ன மரம் இன்ன பச்சை, இன்ன சுவர் இன்ன மஞ்சள் என்று உருவத்தின்மேலேயே எழுதிவைத்து, பின்னர் ஓய்வாக மையாலும் வர்ணத்தாலும் பூர்த்திசெய்வது அவருடைய வழக்கம். இவ்வாறாக ஒவ்வொரு தாளும் சித்திரமும் சாசனமுமாகிறது. மாமல்லபுரத்துப் பாறையின் நிழல் அந்த நாளில் அந்த மணிக்கு எத்திசையில் விழுந்தது என்பதைக்கூட நாம் அறிந்துகொள்கிறோம். இந்தியப் பிரயாணத்தில் மட்டும் இவர் சேர்த்தவை ஐந்நூறுக்கு மேற்பட்ட சித்திரங்கள்.

1858 முதல் 1887 வரை முப்பது தொகுதிகளாக அவர் எழுதிய தினக்குறிப்புகளும், ஆயிரக்கணக்கான சித்திரத்தாள்களும் ஹாவார்டின் ஹோட்டன் நூல்நிலையத்தில் இருக்கின்றன. இந்தியப் பிரயாணக் குறிப்புகளின் ஒரு பகுதி 1953இல் நூலாகவும் வந்தது. சிறுவயதுமுதல் தம்மை வருத்திய காக்கைவலிப்பை லியர் நண்பர்களிடத்தும் சொல்லாமல் ஆயுள் முழுவதும் மறைத்தார். தினக்குறிப்பிலோ, அது வந்த நாட்களில் ஒரு சிலுவைக் குறியை இட்டுவைத்தார். உலகத்தைச் சிரிக்கவைத்த மனிதர் எத்தனை நாள் துன்பப்பட்டார் என்பதை அந்தச் சிறு குறிகளே நமக்குச் சொல்லின. ஒரு மனிதரைப் பற்றி அறிவதற்குச் சுவடிகள் கூடத்துக்குச் செல்வது ஏன் என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டாம்.

இலங்கை லியருக்கு இன்பம் தரவில்லை. கோர்பு தீவிலிருந்து வந்து 1856 முதல் அவரோடிருந்த ஜியோர்ஜியோ கொக்காலி என்னும் பணியாளர் இங்கே வயிற்றுக்கடுப்பால் படுத்த படுக்கையானார். அவர் பிழைப்பாரோ என்ற கவலை எஜமானரைத் தின்றது. வர்ணப் பெட்டியையும் மடக்கு நாற்காலியையும் சுமந்து, உணவு சமைத்து, வழிப்போக்கரோடு பேரம்பேசி, எல்லாச் சித்திரங்களுக்கும் பின்னால் நின்ற இம்மனிதரின் உருவம் லியரின் படங்களில் தேடினால் எளிதில் அகப்படாது. தினக்குறிப்பிலோ அவர் ஏறத்தாழ நாள்தோறும் நடமாடுகிறார். நம் நாட்டுக் கூலிகளும் வண்டிக்காரரும் அங்கே அத்துணை பாக்கியம் பெறவில்லை. ஆயினும் அவர்களும் அச்சிட்ட நூல்களைவிடக் கையெழுத்துப் பிரதிகளிலேதான் அதிகம் தென்படுகின்றனர்.

லியர் வந்த இரண்டு ஆண்டுகளின்பின், 1876இன் இறுதியில், மரியான் நோர்த் இலங்கைக்கு வந்தார். தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய்வர்ணத்தில் தீட்டிய இவ்வம்மையார், களுத்துறையில் குடியிருந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகைப்படக் கலைஞரின் வீட்டில் தங்கினார். கமரன் அவரைப் படம்பிடித்ததும் சரித்திரப் பிரசித்தம். நோர்த் தம் செலவிலே கட்டுவித்து, 1882 ஜூனில் திறந்த கியூ தோட்டத்துச் சித்திரசாலையில் 832 ஓவியங்கள் சுவரே தெரியாதவாறு நெருக்கி மாட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் இந்தியக் கட்டடக்கலையின் சரித்திரத்தை எழுதிய ஜேம்ஸ் பெர்கசன்.

அவ்வோவியங்களைவிட நம்மை அதிகம் ஈர்ப்பது, அம்மையார் தஞ்சாவூர் ஜில்லா நீதிபதியாயிருந்த ஆர்தர் கோக் பர்னலுக்கு எழுதிய கடிதக்கட்டு. தென்னிந்தியப் புராதன எழுத்துகளை 1874இலேயே ஆராய்ந்து நூலெழுதியவர் பர்னல். தஞ்சை அரண்மனை நூல்நிலையத்து வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை வெளியிட்டவரும் அவரே. நோர்த் தஞ்சைக்குச் சென்றபோது பர்னலின் விருந்தினராகி, இந்துக்கள் புனிதமாகக் கொள்ளும் செடிகொடிகளை அவருடைய வழிகாட்டலில் தீட்டலானார். வில்வமும் துளசியும் எவ்வாறு ஆங்கிலப் பெண்மணியின் வர்ணத்தட்டுக்கு வந்துசேர்ந்தன என்பதற்கு, சுவடி படித்த ஒரு நீதிபதியின் சிநேகமே காரணம். அம்மையாரின் சுயசரிதை 1892இல் அவர் சகோதரியால் சுருக்கிச் செப்பனிடப்பட்டே வெளிவந்தது. பர்னலுக்கு எழுதிய கடிதங்களோ சகோதரியின் பேனா தொடாதவை. கியூவின் ஆவணச் சேகரத்தில் அம்மையாரின் சொந்தக் கையெழுத்திலேயே இருக்கின்றன.

அந்நியரைப் பற்றி இவ்வளவு சொன்னபின், நம் தீவிலேயே வாழ்ந்து தீட்டியவர்களை நினையாமல் இருக்கமுடியவில்லை. புதுச்சேரியிலே பிறந்து கொழும்பில் 1879இல் மறைந்த ஹிப்போலிற் சில்வாவ், ‘முனியாண்டி’ என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய ஆங்கில நகைச்சுவைச் சஞ்சிகைக்கு 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் படம் போட்ட பறங்கியர் குலத்து ஜே. எல். கே. வான் டோர்ட் ஆகியோர் அக்காலத்து இலங்கை மக்களின் உடையையும் நடையையும் தொழிலையும் வரைந்தனர். வான் டோர்ட்டின் சித்திரங்கள் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. கியூவிலும் ஹாவார்டிலும் அந்நியரின் கடிதங்களுக்குக் கிடைத்த பராமரிப்பு இவர்களுடைய காகிதங்களுக்கும் கிடைத்திருக்குமாயின், அக்காலத்துக் கொழும்பையும் கரையோரத்தையும் உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கும்.

நமது கரைக்குத் திரும்பினால், குச்சவெளி, திரியாய், நிலாவெளிப் பகுதிகளில் இடப்பெயர்வுகளிலும் 2004 மார்கழி ஆழிப்பேரலையிலும் வீட்டுப் பெட்டிகளோடு போன காகிதங்களுக்குக் கணக்கில்லை. எனினும் எஞ்சியவை சில உண்டு என்பதை இத்தொடரைப் படித்துக் கடிதம் எழுதும் வாசகர்களின் மூலம் அறிகின்றோம். பழைய கச்சேரிக் கடிதம், உப்பளத்துக் கணக்கேடு, கோயில் பற்றுச்சீட்டு, பாடசாலைச் சித்திரக் கொப்பி, யாரோ ஒரு துரை தந்துவிட்டுப் போன பென்சில் படம் என்று எது இருப்பினும், அதைப் பிளாஸ்ரிக் உறையில் அடைக்காமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, நிலத்தில் படாத உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் பிடித்த ஒரு படம் இத்தொடருக்குப் போதும். அதன் பின்புறத்தில் ஏதேனும் எழுதியிருப்பின், அந்தப் பக்கத்தையும் தவறாமல் படம்பிடித்து அனுப்புங்கள்.